பூட்டுச் சின்னம்

“பாட்டி, மறக்காம பூட்டுக்குப் போட்டுருங்க.”

“பூட்டாம எங்கயாவது போவேனாய்யா? இந்தா, சாவி இடுப்புலதான் கெடக்கு. ஏன், ஊருக்குள்ள களவாணிப்பய எவனும் வந்திருக்கானா?”

நான் முதன்முதலாக ஓட்டுக் கேட்டுப் போன வீட்டில் நடந்த பேச்சு இவ்வளவுதான். பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் தெற்குத் தெரு முழுக்க ஒரு செய்தி பரவியிருந்தது: ஊருக்குள் திருடன் இறங்கியிருக்கிறான், வீட்டைப் பத்திரமாகப் பூட்டிக்கொள்ளும்படி வடக்குத் தெருக்காரர்கள் ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

1996 அக்டோபர். எனக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற கரிசல்காட்டு ஊர். இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம் என்கிறோம், அப்போது சிதம்பரனார் மாவட்டம். என் அத்தை ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்கு நின்றார். அத்தை என்றால் தாய்மாமாவின் மனைவி. சின்னம், பூட்டு சாவி. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. இதில் வருகிற பலர் இன்னும் அதே தெருக்களில்தான் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் கையில் செல்போனும் இருக்கிறது.

அந்தத் தேர்தல் எங்கள் ஊருக்கு ஏன் அவ்வளவு குழப்பமாக இருந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு முந்தைய உள்ளாட்சித் தேர்தல் 1986-ல் நடந்தது. நடுவில் பத்து வருடம். அந்த இடைவெளியில்தான் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது, 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. உள்ளாட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று ஆனது. எங்கள் ஊர்த் தலைவர் பதவி அந்தக் கணக்கில் விழுந்தது.

“பொம்பள சீட்டாம்லா” என்று டீக்கடை இரண்டு நாள் துக்கம் காத்தது. பத்து வருடமாகத் தலைவராகிவிட வேண்டுமென்று காத்திருந்த மூன்று ஆண்கள் ஊரில் இருந்தார்கள். மூன்றாம் நாள் அவர்கள் தெளிந்துவிட்டார்கள். ஆளுக்கொரு மனைவி இருந்தது அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. அப்படித்தான் மூன்று பெண்கள் வேட்பாளர் ஆனார்கள்: பூட்டு சாவி, ஏணி, ஆட்டோ. என் மாமா அந்த மூன்று ஆண்களில் ஒருவர்.

*

கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் மட்டும்தான் கட்சி நிற்கும். ஒரு வாக்காளர் கையில் ஆக நாலு சீட்டு: வார்டு, தலைவர், ஒன்றியம், மாவட்டம். சூரியனையும் இரட்டை இலையையும் கைச் சின்னத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திடீரென்று பூட்டும் ஏணியும் ஆட்டோவும் காட்டினால் என்ன ஆகும்? எங்கள் மைக் செட் ஆட்டோவிலேயே கட்டப்பட்டிருந்தது. “பூட்டுச் சின்னத்துக்கு வாக்களியுங்கள்” என்று கத்திக்கொண்டு போன வண்டியைப் பார்த்துப் பாதி ஊர் ஆட்டோ சின்னம் என்று நினைத்துவிட்டது. இரண்டாம் நாளே மாமா மைக்கை இறக்கி மாட்டுவண்டியில் கட்டினார்.

சின்னத்துக்கும் ஆளுக்கும் நடுவில் வாக்காளர் தடுமாறுவது எங்கள் ஊரின் அறியாமை அல்ல. நம்முடைய தேர்தல் வரலாறே அப்படித்தான் தொடங்குகிறது. 1937-ல் சென்னை மாகாணத் தேர்தலில் கட்சிகளுக்கு நிறம் நிறமாக ஓட்டுப்பெட்டி. காங்கிரசுக்குக் கிடைத்தது மஞ்சள் பெட்டி. மஞ்சள் என்றால் நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? காந்திக்கும் மஞ்சள் பெட்டிக்கும் ஓட்டுப் போடுங்கள் என்று சத்தியமூர்த்தி தலைமையில் பிரசாரம் நடந்தது. காந்தி அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. 1934-லேயே காங்கிரஸ் உறுப்பினர் பதவியிலிருந்து விலகியும் விட்டார். ஆனால் காந்திக்கே போடுகிறோம் என்று நினைத்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ! 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு.

1951-52 பொதுத்தேர்தலிலும் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் ஒரு சின்னம். முத்திரை குத்தும் வேலை இல்லை, சீட்டைச் சரியான பெட்டியில் போட்டால் போதும். ஆகவே “பெட்டிக்குப் போடுங்க” என்பதுதான் அந்தக் காலத்துப் பேச்சு. என் தாத்தா தலைமுறைக்கு ஓட்டு என்றால் மாட்டுப் பெட்டி. 1969-ல் காங்கிரஸ் உடைந்த பிறகு இரட்டைக் காளை போய்விட்டது. 1996-லும் எங்கள் தெருவில் ஒருவர், “இதுல காளமாடு எங்க இருக்கு?” என்று பூட்டுச் சின்ன நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

*

சின்னம் ஒரு பக்கம், சொல் இன்னொரு பக்கம். தமிழில் ஓட்டுக் கேட்பது போல ஆபத்தான காரியம் வேறில்லை என்று அந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டேன்.

“உங்கள் பொன்னான வாக்குகளை” என்று மாமா தொடங்கியதும் ஓர் ஆச்சி குறுக்கே விழுந்தார். “பொன்னு எங்கய்யா இருக்கு? இருந்த ஒத்தக் கம்மலும் சொசைட்டி பேங்க்ல அடகுல கெடக்கு.”

இன்னொரு பெரியவருக்கு ‘வாக்கு’ என்ற சொல்லிலேயே சிக்கல். “ஏணிக்காரன் காலைலயே வந்து வாக்குக் கேட்டான், குடுத்துட்டேன். குடுத்த வாக்க மாத்துனா நான் மனுசனா?” அவரிடம் மாமாவால் வாதாட முடியவில்லை. அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த அர்த்தம்தானே பழையது, சரியானதும்கூட?

வாக்கை விட்டுவிட்டு ‘ஓட்டு’க்கு மாறினோம். கிழக்குத் தெருவில் தனியாக இருந்த ஒரு பாட்டியிடம், “ஓட்டுக் கேட்டு வந்திருக்கோம்” என்றோம். பாட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. “வாங்கய்யா வாங்க, எத்தன வருசமா எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கேன்” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அண்ணாந்து காட்டினார். கூரையில் பதினாறு ஓடு உடைந்திருந்தது. மழைக்கு அடியில் வைத்த சட்டிகளும் வரிசையாக இருந்தன. “எண்ணிக்கிடுங்க” என்றார். ஓடு கணக்கெடுக்க அரசாங்கத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். மாமா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அத்தை மட்டும் உள்ளேயே நின்று எண்ணினார். பதினாறு.

எங்கள் அணியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். முச்சந்திதோறும் உத்திரமேரூர் பற்றிப் பேசுவார். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறை. “அன்றைக்கே குடம் வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்த இனம் நம் இனம்! அந்தக் குடத்தை மறக்கலாமா?” என்று முடிப்பார்.

மறுநாள் காலை மாமா வீட்டு வாசலில் பதினைந்து பெண்கள். “குடம் எப்ப தருவீக? ஏணிக்காரக தட்டுதான் தாராகளாம், நீங்க குடமாம்ல.” பித்தளையா பிளாஸ்டிக்கா என்று ஒரு பெண் விசாரித்தார். அன்றைக்கே ஏணிக்காரர்கள் அதிகாரியிடம் புகார் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். வாத்தியார் நேரில் போய் சோழர் வரலாற்றை முழுக்கச் சொல்லித்தான் அவர்களைத் தடுத்தார். சோழனிடமிருந்து தப்பிக்கவே அவர்கள் புகாரைக் கைவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

வாத்தியார் சொல்லாத ஒன்றைப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். குடத்தில் ஓலை விழ வேண்டுமென்றால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர் ஊர்ச்சபை. அந்தக் குடத்தில் என் அத்தையின் ஓலைக்கு இடமில்லை. குடம் கேட்டு வந்த பதினைந்து பேரின் ஓலைக்கும் இல்லை.

*

என் பங்குக்கு நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் மட்டும் போதாது, பொருளையே காட்டினால்தான் மனதில் நிற்கும் என்று மாமா ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டை வாங்கி என் கையில் கொடுத்திருந்தார். வீடு வீடாக அதைத் தூக்கிக் காட்ட வேண்டும். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். மேலத்தெருவில் ஒரு வீட்டில் வயதான கணவனும் மனைவியும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “தாத்தா, இந்தா இதுதான் நம்ம சின்னம்” என்று சொல்லி, கதவைச் சாத்தி, நாதாங்கியில் பூட்டை மாட்டி அழுத்தினேன். சாவி மாமாவிடம். மாமா இரண்டு தெரு தள்ளி.

அவர் வந்து சேர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் வாசலில் கூட்டம். ஆட்டோ சின்னத்துக்காரர் ஒருவர் நின்று நிதானமாகச் சொன்னார்: “ஜெயிக்கிறதுக்கு முந்தியே நம்மளப் பூட்டுறாங்க. ஜெயிச்சா?” அந்தத் தேர்தலின் சிறந்த பிரசார வாசகம் அதுதான். எங்களுக்கு எதிரானது என்பது மட்டுமே குறை.

*

இவ்வளவுக்கும் நடுவில் அத்தை எங்கே இருந்தார்? கூட்டத்துக்குப் பின்னால். முன்னால் மாமா கும்பிட்டுக்கொண்டு போவார். ஆரத்தி எடுத்தவர்கள் மாமாவுக்கு எடுத்தார்கள், பொட்டும் மாமா நெற்றியில்தான். நோட்டீசில் மாமா படம் பெரிது. அத்தையின் படம் கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது, ஸ்டாம்பு அளவு. வெட்டும்போது மாமாவின் தோள் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது. ஒரு வீட்டில் அத்தையிடமே, “ஏம்மா, வேட்பாளர் அம்மா வரலியா? நீ அவுக வீட்டுக்கு வேலைக்கு வந்த பிள்ளையா?” என்று கேட்டார்கள். அத்தை ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு நோட்டீசைக் கொடுத்தார்.

அதைவிடப் பெரிய சிக்கல் அத்தையின் பெயர். ஊரில் யாருக்கும் அது தெரியாது. வடக்குத்தெரு மதினி, கடைக்காரர் சம்சாரம், இன்னாருடைய அம்மா, இவ்வளவுதான். ஓட்டுச்சீட்டிலோ அவர் பெயர்தான் இருக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் மாதிரிச் சீட்டைப் பார்த்து, “ஒங்க மாமா பேரக் காணோமே, தள்ளுபடி ஆயிருச்சா?” என்று கேட்டார்கள். எனக்கும் அந்தப் பெயர் வேட்புமனுவில் எழுதும்வரை தெரியாது. எழுதியபோதும் அது யாரோ ஒருவருடைய பெயர் மாதிரிதான் இருந்தது.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனபோது, நாடு முழுக்க லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதியச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. கடைசியில் ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன, பெரும்பாலும் வட மாநிலங்களில். தமிழ்நாட்டில் அப்படி நடக்கவில்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-லேயே வாக்குரிமை வந்துவிட்டது, சொத்தும் தகுதியும் உள்ள சிலருக்கு மட்டும் என்றாலும். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதும் ஊர் வாயில் பெயர் இருப்பதும் வேறு வேறு.

*

தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது அது நடந்தது. பக்கத்துக் குக்கிராமம், அதுவும் எங்கள் ஊராட்சிக்குள்தான். போய் இறங்கினோம். தெருமுனையில் பந்தல், பெஞ்சு, நாற்பது ஐம்பது ஆட்கள். நமக்காகக் கூடியிருக்கிறார்கள் என்று மாமாவுக்கு ஒரே பூரிப்பு. தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டு போனார். அங்கே இருந்தவர்கள் எழுந்து கைகளை நீட்டினார்கள். மாமா ஒவ்வொருவர் கையாகத் தொட்டார்.

“ஒங்க ஆதரவு எப்பவும் வேணும் மாமா” என்றார் ஒரு பெரியவரிடம்.

“எல்லாருக்கும் ஒருநாள் உள்ளதுதான மாப்ள” என்றார் அவர்.

“ஆமா, நமக்கும் ஒருநாள் வரும்லா!”

பெரியவர் மாமாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்போதுதான், காப்பிக்காக ஓய்ந்திருந்த ஒப்பாரி உள்ளே மறுபடியும் தொடங்கியது. அது துட்டி வீடு. கை நீட்டியது துட்டிக் கை. மாமா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் கையிலிருந்த திண்டுக்கல் பூட்டைச் சட்டைக்குள் மறைத்தேன். அது மறையவில்லை.

அத்தை எங்கள் யாரையும் பார்க்கவில்லை, நேராக உள்ளே போனார். அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒரு கிழவி நிமிர்ந்து பார்த்தார். அவர் அத்தை பிறந்த ஊரைச் சேர்ந்தவராம், எங்களுக்குத் தெரியாது. கையை விரித்து, அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முழுப்பெயர்கூட இல்லை, சின்னப் பிள்ளையில் கூப்பிட்ட சுருக்கம். அத்தை அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். செத்துப்போனவருக்கு மட்டும் அழுத அழுகை இல்லை அது என்று வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது.

அன்று அதற்குமேல் ஓட்டுக் கேட்கவில்லை. அத்தை குளிப்பாட்டித் தூக்குகிறவரை இருந்துவிட்டு இரவில்தான் வந்தார். மாமா திண்ணையில் காத்திருந்தார்.

“ரெண்டு தெரு பாக்கி கெடக்கு. துட்டி வீட்டுலயும் ஓட்டுக் கேட்டான்னு வேற நாளைக்குப் பேசுவானுக.”

“பேசட்டும்” என்றார் அத்தை. “என்னயப் பேர் சொல்லி ஒருத்தர் கூப்பிட்டு பன்னெண்டு வருசமாச்சு.”

மாமா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அத்தை கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார். முதல் வீட்டில், “நான்தான் நிக்கேன். எம் பேரு இது” என்று சொன்னார். குரல் நடுங்கியது. பத்தாவது வீட்டில் நடுங்கவில்லை. மாமா என் பக்கத்தில், பின்னால் நடந்து வந்தார். யாரோ ஒருவர் அவரிடம் நோட்டீஸ் கேட்டார், கொடுத்தார்.

*

சிரிப்பாக எழுதிக்கொண்டு போகிறேன், ஆனால் ஓட்டுக் கேட்டுத் தெருவுக்குள் போக முடிவதே ஒரு வசதி என்று பின்னால்தான் புரிந்தது. அதே 1996-ல் மதுரைப் பக்கம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலுக்கு நடுவே பலமுறை தள்ளிப்போன தேர்தலில் முருகேசன் வென்றார். 1997 ஜூனில் அவரும் கூட இருந்தவர்களுமாக ஆறு பேர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் மனுவே போட விடாமலும், வென்றவரை உடனே விலகச் செய்தும் பத்து வருடம் தேர்தலை முடக்கினார்கள். 2006-ல்தான் அங்கே தலைவர்கள் நிலையாக உட்கார முடிந்தது. அந்த ஊர்களில் தவறாகப் புரிந்துகொள்ள எதுவும் இருக்கவில்லை. ஓட்டு என்றால் என்ன, தலைவர் பதவி என்றால் என்ன என்று இரண்டு பக்கமும் மிகத் தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார்கள்.

எங்கள் ஊரில் அத்தை ஏழு ஓட்டில் ஜெயித்தார். செல்லாத ஓட்டுகளில் ஒன்று யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், அவரே டீக்கடையில் சொன்னார். நான் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய தாத்தாதான். “மூணு பேரும் வீடு தேடி வந்து கேட்டாக. ஒருத்தர் மனசும் நோகப்பிடாதுன்னு மூணுலயும் குத்திட்டேன்.”

முதல் காசோலையில் கையெழுத்துப் போடும் நாள், அலுவலக ஆள் பேனாவை மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கி, அத்தையிடம் கொடுத்தார். அத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதி முடிக்கும்வரை எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் ஊரை மாற்றிவிட்டார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரு குடிநீர்க் குழாய், இரண்டு தெருவிளக்கு, கொஞ்சம் தொகுப்பு வீடுகள். அதில் ஒன்று கிழக்குத் தெருப் பாட்டிக்கு. கான்கிரீட் கூரை. “பதினாறு ஓடுதான கேட்டேன், ஓடே இல்லாம ஆக்கிப்புட்டியே” என்று பாட்டி கடைசிவரை குறைபட்டுக்கொண்டார். ஆனால் அத்தையை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

2019 டிசம்பரில் மறுபடியும் ஊராட்சித் தேர்தல். 2016-ல் நடக்க வேண்டியது மூன்று வருடம் தள்ளிப்போய் வந்தது. பெண்களுக்குப் பாதி இடம் என்று இப்போது சட்டம். நான் ஊரில் இருந்தேன். அத்தை வீட்டு வாசலுக்கு ஒரு கூட்டம் வந்தது. முன்னால் வெள்ளை வேட்டியில் ஓர் ஆள், கும்பிட்ட கையோடு. பின்னால் சின்ன வயதுப் பெண், கையில் நோட்டீஸ் கட்டு.

“அத்த, ஒங்களுக்குத் தெரியாததா? ரோஸ் சீட்டுல நம்ம சின்னத்துக்குப் போட்டுருங்க. நம்ம வீட்லதான் நிக்காக.”

அத்தை அவரைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

“ஒம் பேரென்ன தாயி?”

“எங்க வீட்டுக்காரி பேரு அத்த…” என்று அந்த ஆள் தொடங்கினார்.

“நான் அவகிட்டக் கேட்டேன்” என்றார் அத்தை.